வெற்றிலைக் கொடியும் கைராசியும்: ஒரு முற்றத்தில் நான்கு முயற்சிகள்

கும்பகோணத்தில் வெற்றிலைக்குப் பஞ்சம் கிடையாது. காவிரியும் குடமுருட்டியும் பாயும் ஐயம்பேட்டை, ராஜகிரி, திருவையாறு பக்கத்து வெற்றிலைத் தோட்டங்களான கொடிக்கால்களிலிருந்து கட்டுக் கட்டாக, கவுளி கவுளியாக வந்து இறங்குகிறது. 2025இல் கும்பகோணம் வெற்றிலைக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. அப்படிப்பட்ட ஊரில், எங்கள் வீட்டு முற்றத்தில் தொட்டியில் கொடியைத் தவறாமல் வேர் பிடிக்க வைக்கக் கற்க எனக்குப் பத்து மாதம் ஆனது. அந்தப் பத்து மாதத்தில் என்ன நடந்தது, நடுவதற்கு வெட்டிய கொடித் துண்டுகளில் எது எந்த நாளில் எதனால் செத்தது என்பதை ஒரு நோட்டில் எழுதி வைத்தேன். அந்த நோட்டிலிருந்துதான் இதை எழுதுகிறேன்.

எழுதி வைக்கக் காரணம் உண்டு. முதல் முறை எல்லாத் துண்டுகளும் கருகியபோது எதிர்வீட்டு அக்கா, "வெத்தலைக் கொடி எல்லார் வீட்லயும் வராதுடி. கைராசி வேணும்" என்றார். இன்னொருவர் அதற்கும் மேலே போய், தீட்டு நாளில் யாராவது தொட்டிருப்பார்கள் என்றார். இந்தப் பேச்சை நான் சிறு வயதிலிருந்தே கேட்டு வருகிறேன். கொடி பட்டுப்போனால் வீட்டுப் பெண்ணின் மேல் பழி விழும். அவளும் அதை நம்பி, அடுத்த முறை துண்டைத் தொடவே பயப்படுவாள். எனக்கு இது பொறுக்கவில்லை. செடி செத்தால் அதற்கு ஒரு காரணம் இருக்க வேண்டும், அது கண்ணுக்குத் தெரிகிற காரணமாகவும் இருக்க வேண்டும் என்று நினைத்தேன்.

சித்திரை: எட்டுத் துண்டுகள்

திருவையாற்றில் ஓர் உறவினர் வீட்டுக் கிணற்றடியில் செழிப்பான கொடி இருந்தது. அதிலிருந்து எட்டுத் துண்டுகளை ஒடித்து, ஈரத் துணியில் சுற்றிக் கொண்டுவந்தேன். ஒவ்வொன்றிலும் நாலைந்து பெரிய இலை. பசுமையாக இருக்கிறதே என்று ஒரு இலையைக்கூடக் கிள்ளவில்லை. வயல் வண்டல் மண்ணையும் எருவையும் கலந்து தொட்டியில் நிரப்பி நட்டேன், மொட்டை மாடியில் துணி காயும் கொடிக்குக் கீழே வைத்தேன், காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றினேன்.

மூன்றாம் நாள் இலைகள் தொங்கின. தாகம் என்று நினைத்து மதியமும் ஊற்றினேன். பத்தாம் நாள் ஒரு துண்டை எடுத்துப் பார்த்தால் மண்ணுக்குள் இருந்த பகுதி கருத்து வழவழப்பாக இருந்தது. பத்தொன்பதாம் நாள் எட்டும் போய்விட்டன.

இந்த முயற்சியில் கற்றது ஒன்றே ஒன்று, ஆனால் இந்த விஷயத்தில் அதுதான் தலையாயது. வேர் இல்லாத துண்டில் இலை வாடுவதற்கும் மண்ணில் தண்ணீர் குறைவதற்கும் சம்பந்தமில்லை. இலை தன் நீரைக் காற்றுக்கு விட்டுக்கொண்டே இருக்கிறது, கீழிருந்து உறிஞ்சிக் கொடுக்க வேர் கிடையாது. மண் சேறாக இருந்தாலும் இலை தொங்கத்தான் செய்யும். அதைப் பார்த்து நாம் மேலும் ஊற்றினால், மண்ணிலுள்ள கொஞ்சநஞ்சக் காற்றும் வெளியேறி, வெட்டுவாய் மூச்சுத் திணறி அழுகும். நம் டெல்டா மண் நெல்லுக்குப் பொன். ஆனால் தொட்டிக்குள் அடைத்து நாளுக்கு மூன்று முறை நனைத்தால் அது களிமண் உருண்டைதான்.

ஆனி: ஆறு துண்டுகள், மணி பிளான்ட் வழியில்

எங்கள் சமையலறை ஜன்னலில் ஒரு பாட்டிலில் மணி பிளான்ட் இருக்கிறது. அதை வெட்டித் தண்ணீரில் போட்டால் இரண்டு வாரத்தில் வேர் விடும், ஒருமுறைகூடத் தவறியதில்லை. வெற்றிலையும் கொடிதானே, இலையும் பார்க்க ஏறக்குறைய அதே வடிவம்தானே என்று ஆறு துண்டுகளை அதே போல் பாட்டிலில் போட்டேன்.

இரண்டுக்கும் உறவே இல்லை என்பது பிறகுதான் புரிந்தது. மணி பிளான்ட் சேம்பு, கருணைக் குடும்பம். பசிபிக்கில் பிரெஞ்சுப் பாலினேசியாவைச் சேர்ந்த மோரியா என்ற சிறு தீவு அதன் பூர்வீகம். வெற்றிலை மிளகுக் குடும்பம், மிளகும் திப்பிலியும் அதன் பங்காளிகள். மணி பிளான்டின் தண்டு சதைப்பற்றானது. ஒவ்வொரு கணுவிலும் பழுப்பு நிறத்தில் ஒரு முண்டு துருத்திக்கொண்டிருக்கும், அது பாதி உருவான வேர். இலைமேல் மெழுகு பூசினாற்போல் கெட்டியான தோல் இருப்பதால் நீர் சுலபமாக வெளியேறாது. வெற்றிலை இலையோ மெல்லியது. அது மெல்லியதாக இருப்பதால்தானே நாம் வாயில் போட்டு மெல்கிறோம். வெட்டிய நேரத்திலிருந்தே அது உலரத் தொடங்கிவிடும்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லாமல் கடக்க முடியவில்லை. இந்த இரண்டு செடிகளுமே விதையால் நம்மிடம் வந்து சேர்ந்தவை அல்ல. மணி பிளான்ட் பூப்பதே மிக அரிது. பூக்கத் தேவையான ஜிப்பெரெலின் என்ற ஹார்மோனை அதனால் போதிய அளவு உண்டாக்க முடியவில்லை என்று ஆராய்ச்சியில் கண்டறிந்திருக்கிறார்கள். வெற்றிலையில் ஆண் கொடி வேறு, பெண் கொடி வேறு, கொடிக்காலில் விதைக்காக யாரும் காத்திருப்பதில்லை. இன்று நாம் கிள்ளும் ஒவ்வொரு வெற்றிலையும் யாரோ ஒருவர் ஒரு துண்டை வெட்டி இன்னொருவர் கையில் கொடுத்ததால் வந்தது. தலைமுறை தலைமுறையாக இப்படிக் கைமாறி வந்த செடியைப் பார்த்து "கைராசி வேண்டும்" என்று சொல்வது எனக்கு வேதனையாக இருக்கிறது. அதைப் பிழைக்க வைத்தவை அத்தனையும் சாதாரணக் கைகள்தான்.

ஆறில் நாலு அழுகின. சமையலறை வெப்பத்தில் பாட்டில் தண்ணீர் சூடேறி, இரண்டு நாளில் கலங்கிவிடும். சூடான தண்ணீரில் காற்று குறைவாகத்தான் கரையும். மீதி இரண்டில் நூல் போல வெள்ளை வேர் வந்தது. அவற்றை மண்ணுக்கு மாற்றியபோது ஆடி பிறந்துவிட்டது. ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள், இது இலை. மேற்கிலிருந்து அடிக்கும் அந்த வறண்ட காற்று ஒரு வாரத்தில் இரண்டையும் சருகாக்கிவிட்டது. தண்ணீரில் வளர்ந்த வேர் மண்ணில் உடனே வேலை செய்யாது என்பதை நான் நினைத்துப் பார்க்கவில்லை.

கொடிக்காலில் ஒரு காலைப்பொழுது

ஆவணியில், சுவாமிமலைக்கு அப்பால் உள்ள ஒரு கொடிக்காலுக்குத் தெரிந்தவர் மூலமாகப் போனேன். காய்ந்த துண்டுகளில் மூன்றைப் பிளாஸ்டிக் பையில் போட்டு எடுத்துப் போயிருந்தேன். கொடிக்காலுக்குள் நுழைந்ததுமே பதில் பாதி கிடைத்துவிட்டது. வெளியே வெயில் காய்கிறது, உள்ளே காற்று குளிர்ந்து ஈரமாக இருக்கிறது. மேலே அகத்தி இலை வெயிலைச் சல்லடையாகச் சலித்து அனுப்புகிறது. சுற்றிலும் அடைப்பு இருப்பதால் காற்று நேராக உள்ளே பாய்வதில்லை. கொடி நிற்பது உயர்த்திய பாத்தியில், தண்ணீர் நிற்பது பாத்திக்கு இடையிலான பள்ளத்தில். வேருக்குக் கீழே ஈரம் உண்டு, வேரைச் சுற்றிக் காற்றும் உண்டு. நான் மாடியில் செய்தது இதற்கு நேர் எதிர்.

அங்கே வேலை செய்துகொண்டிருந்த பெரியவர் என் துண்டுகளை வாங்கி விரலால் தடவிப் பார்த்தார்.

"இது பக்கக் கிளை அம்மாடி. பத்துவேரே இல்ல பாருங்க. இத வச்சு எப்படிப் புடிக்கும்?"

"எல்லாம் ஒரே கொடிதானேன்னு ஒடிச்சுட்டேன் ஐயா."

"ஒரே கொடிதான். ஆனா ஏறுற கொடி வேற, படர்ற கிளை வேற. ஏறுறதுலதான் வேரு இருக்கும்."

அகத்தி மரத்தில் ஒட்டி ஏறும் ஒரு கொடியை மெல்லப் பிரித்துக் காட்டினார். ஒவ்வொரு கணுவிலும் சீப்புப் பல் போலச் சின்னச் சின்ன வேர்கள். அவர் பத்துவேர் என்றது இந்தப் பற்றுவேரைத்தான். அதே கொடியிலிருந்து பக்கவாட்டில் தொங்கிய கிளையின் கணுக்கள் மொழுமொழுவென்று இருந்தன. திருவையாற்றில் நான் ஒடித்தவை அத்தனையும் கைக்கு எட்டிய, தொங்கிக்கொண்டிருந்த கிளைகள். சுவரோடு ஒட்டிய கொடியைப் பிய்த்தால் உறவினர் வருத்தப்படுவாரே என்று தொங்கியதை மட்டும் எடுத்திருந்தேன். மிளகிலும் இப்படித்தான். பக்கக் கிளையை வேர் பிடிக்க வைத்தால் அது மரம் ஏறாது, தரையிலேயே புதர் மிளகாக நிற்கும்.

நடவுக்கு அவர்கள் எடுப்பது இரண்டு வயதுக் கொடியின் மேல்பகுதி, நுனி மொட்டு கெடாதது, மூன்று முதல் ஐந்து கணு. நடும் முன் போர்டோ கலவையில் (மயில் துத்தமும் சுண்ணாம்பும் கலந்த பூஞ்சைக்கொல்லி) நனைப்பது வேளாண் பல்கலைக்கழகப் பரிந்துரை. நட்ட பிறகு வாழை நாரால் அகத்தியில் கட்டுகிறார்கள். பெரியவர் எனக்குப் பத்துத் துண்டுகள் தருவதாகச் சொன்னார். அன்றைக்கே வேண்டாம், மேல்காற்று அடங்கட்டும், புரட்டாசியில் வந்து வாங்கிக்கொள்ளுங்கள் என்றார். காசு வாங்க மறுத்துவிட்டார்.

புரட்டாசி: பத்துத் துண்டுகள்

இந்த முறை மண்ணே சேர்க்கவில்லை. தென்னை நார்க்கழிவு இரண்டு பங்கு, கொரகொரப்பான மணல் ஒரு பங்கு, கருகிய உமி ஒரு பங்கு. நார்க்கழிவு பட்டுக்கோட்டை பக்கத்திலிருந்து வந்த கட்டி. அதில் உப்பு தங்கியிருக்கும் என்பதால் வாளியில் ஊறவைத்து, பிழிந்து, நான்கு முறை தண்ணீர் மாற்றினேன். முதல் தண்ணீர் கடுங்காபி நிறம், நான்காவது வைக்கோல் நிறம். உமி விஷயத்தில் ஒரு கவனம் தேவை. மூட்டத்தில் கருகிக் கருப்பாக, உமி வடிவம் குலையாமல் இருப்பதுதான் வேண்டும். முழுதும் எரிந்து வெளுத்துப்போன சாம்பல் காரம் மிகுந்தது, வேருக்கு ஆகாது.

விடியற்காலையில் வெட்டிய கொடிகளை எட்டு மணிக்குள் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். புது பிளேடால் கணுவுக்குக் கொஞ்சம் கீழே வெட்டினேன். துண்டுக்கு மூன்று கணு. கீழிரண்டு கணுவிலும் இலையைக் காம்போடு நீக்கினேன். மேல் இலையில் பாதியைக் குறுக்கே நறுக்கினேன். பார்க்கப் பாவமாக இருந்தது, ஆனால் பாதி இலை என்றால் நீர் இழப்பும் பாதி. போர்டோ கலவையை வீட்டில் தயாரிக்க எனக்கு மனம் வரவில்லை. அதற்குப் பதிலாக, அழுகலைத் தடுக்கும் நல்ல பாக்டீரியாவான சூடோமோனாஸ் பொடியை லிட்டருக்கு 10 கிராம் கரைத்து, துண்டுகளை அதில் அரை மணி நேரம் வைத்தேன். நாற்றுப் பைகளில், கீழ்க் கணு இரண்டும் கலவைக்குள் போகும்படி நட்டேன்.

கொடிக்காலின் காற்றை முற்றத்துக்கு எப்படிக் கொண்டுவருவது? பழைய பெரிய தாம்பாளத்தில் தண்ணீர் ஊற்றி, அதில் செங்கற்களை அடுக்கி, செங்கல் மேல் பைகளை வைத்தேன். பையின் அடி தண்ணீரைத் தொடாது, ஆனால் சுற்றி ஈரம் எழும். ஐந்து லிட்டர் தண்ணீர் கேன்களின் அடியை அறுத்து, பைகளை இரண்டிரண்டாகச் சேர்த்துக் கேன்களால் கவிழ்த்து மூடினேன். மூடியை மட்டும் திறந்து வைத்தேன். தாழ்வாரத்தின் ஓரம், வெளிச்சம் உண்டு, வெயில் படாது. தண்ணீர் ஊற்றுவது நான்கு நாளுக்கு ஒருமுறை, அதுவும் கையில் எடுத்துப் பிழிந்தால் ஒரு சொட்டு வரும் அளவுக்கு மட்டும்.

எட்டாம் நாள் காலையில் பத்து இலைகளும் நிமிர்ந்து நின்றன. பதினைந்தாம் நாளுக்குள் இரண்டு துண்டுகள் அடியில் கருத்தன, உடனே எடுத்து எறிந்தேன். இருபத்தொன்றாம் நாள் மூன்றில் இளம்பச்சைக் கொழுந்து எட்டிப்பார்த்தது. அன்று வீட்டில் அத்தைக்குத் தலைகால் புரியவில்லை. எனக்கும்தான். இருபத்து நான்காம் நாள் அந்த மூன்றின் கேனையும் எடுத்துவிட்டேன்.

அங்கேதான் தவறினேன். இரண்டே நாளில் மூன்றில் இரண்டு வாடிச் சாய்ந்தன. தோண்டிப் பார்த்தால் வேர் இல்லை, வெட்டுவாயில் வெள்ளையாக ஒரு தழும்பு மட்டும் இருந்தது. தண்டில் சேமித்து வைத்திருந்த உணவைக் கொண்டே மொட்டு விரிந்திருக்கிறது. துளிர் வந்ததை வைத்து வேர் வந்துவிட்டது என்று முடிவு கட்டக் கூடாது. முதல் துளிர் விரிந்து, இரண்டாவது இலையும் வந்து, அது மதிய வேளையிலும் வாடாமல் நின்றால்தான் கீழே ஏதோ நடக்கிறது என்று அர்த்தம். பையின் ஓரத்தில் வேர் நுனி தெரிந்தால் இன்னும் உறுதி. மூன்றில் தப்பிய ஒன்றை மறுபடி மூடி, மீதி ஆறு துண்டுகளையும் அப்படியே விட்டு, முப்பத்தைந்தாம் நாளிலிருந்து தினம் ஒரு மணி நேரம், பிறகு இரண்டு மணி நேரம் என்று பத்து நாள் பழக்கிய பிறகே கேனை அகற்றினேன். ஆறும் நின்றன.

கார்த்திகை மழை

ஆறும் நின்றன என்று எழுதிய கையோடு இதையும் எழுத வேண்டியிருக்கிறது. கார்த்திகையில் ஒரு வாரம் விடாமல் பெய்தது. ஊருக்குப் போயிருந்தோம். முற்றத்தில் விழுந்த மழை தெறித்துத் தாம்பாளம் நிரம்பி, செங்கலுக்கு மேல் ஏறியிருந்தது. திரும்பி வந்தபோது அடுத்தடுத்து இருந்த இரண்டு கொடிகளின் அடித்தண்டு கருத்து நொளநொளத்திருந்தது. தொட்டால் தோல் கழன்று வந்தது, கெட்ட வாடை வேறு. கொடிக்காலில் வாடல் நோய் என்பார்களே, பார்வைக்கு அதே அறிகுறிகள். பைட்டோப்தோரா என்ற பூஞ்சை போன்ற உயிரியால் வருவது. அதன் வித்துகள் தண்ணீரில் நீந்தக்கூடியவை. ஒரு பையின் தண்ணீர் அடுத்த பைக்குள் போகும்படி இருந்தால் நோய்க்கு நாமே வாய்க்கால் வெட்டிக் கொடுத்தது போலத்தான். வேர் பிடித்த பிறகு தாம்பாளம் எதற்கு? அப்போதே எடுத்திருக்க வேண்டும். எடுக்கவில்லை. இரண்டு கொடிகள் போனதற்கு அந்த மறதிதான் காரணம்.

நான்கு மிஞ்சின. அவற்றைத் தனித்தனித் தொட்டிக்கு மாற்றி, ஓட்டுக்கூரைக்குக் கீழே கொண்டுவந்தேன். தொட்டிக்குள் தேங்காய் நார்க் கயிறு சுற்றிய மூங்கில் நட்டு, கயிற்றைத் தினம் ஈரமாக வைத்தேன். கொடி தானே கயிற்றைப் பற்ற ஆரம்பித்தது. பற்றத் தொடங்கிய பிறகு வந்த இலைகள் முந்தியவற்றைவிட அகலமாக இருந்தன.

தை: பதியன்

தையில் இரண்டு கொடிகள் என் தோள் உயரத்துக்கு வந்திருந்தன. கொடிக்காலில் கொடி பத்தடிக்கு மேல் போனால் இலை சிறுக்கும். அப்போது அதை அகத்தியிலிருந்து பிரித்து இறக்கி, சுருட்டி மண்ணில் அமுக்கிவிடுவார்கள். பங்குனி, சித்திரையில் நடக்கும் வேலை அது. மண்ணைத் தொட்ட கணுக்களிலிருந்து புதுக் கொடி கிளம்பும். ஆவணியில் போனபோது பெரியவர் இதைச் சொன்னதும், வீட்டுக்கு இதைவிட நல்ல வழி கிடையாது என்று தோன்றியது. ஆனால் செய்து பார்க்க நீளமான கொடி அப்போது என்னிடம் இல்லை.

இப்போது இருந்தது. தாய்த் தொட்டியை ஒட்டி, அதே கலவை நிரப்பிய சின்னத் தொட்டிகள் ஐந்தை வைத்தேன். கொடியின் கீழ்ப்பகுதியை நாரிலிருந்து பக்குவமாக விடுவித்து, சின்னத் தொட்டிக்கு மேல் வளைத்து, பற்றுவேர் உள்ள கணு ஒன்று கலவையில் பதியும்படி வைத்தேன். தென்னை ஈர்க்கை இரண்டாக மடித்து, கொண்டை ஊசி போலக் குத்தி அமுக்கினேன். மேலே விரல் அளவு கலவை. நுனி வெளியேதான் இருந்தது. கேன் இல்லை, தாம்பாளம் இல்லை, பாதி இலை நறுக்குவதும் இல்லை. வேர் வரும்வரை தாய்க் கொடி சோறு போட்டுக்கொண்டிருக்கும், எனவே இலை வாடவே இல்லை.

இருபத்தெட்டாம் நாள் ஒரு ஈர்க்கை எடுத்துப் பார்த்தேன். கொடி அசையவில்லை. தாய்ப் பக்கம் பாதித் தண்டை மட்டும் வெட்டி, ஒரு வாரம் விட்டு, மீதியையும் வெட்டினேன். ஐந்தும் பிடித்தன. கைராசியைப் பற்றி எதிர்வீட்டு அக்கா இப்போது ஒன்றும் சொல்வதில்லை. இந்த ஐந்தில் இரண்டைப் பதித்தது என் மகள், அவளுக்கு மாதவிலக்கு நாள் அது. வேண்டுமென்றேதான் அன்று செய்யச் சொன்னேன், நோட்டிலும் அப்படியே எழுதியிருக்கிறேன்.

வெட்டிய துண்டுகள் மொத்தம் இருபத்து நான்கு, மிஞ்சியவை நான்கு. பதித்தவை ஐந்து, மிஞ்சியவை ஐந்து. கொடி உள்ள வீடு பக்கத்தில் இருந்தால் துண்டு கேட்காதீர்கள். ஒரு தொட்டியை எடுத்துப் போய் அந்தக் கொடியின் காலடியில் வைத்துவிட்டு வாருங்கள், ஒன்றரை மாதம் கழித்துப் போய் எடுத்துக்கொள்ளலாம். தூரத்திலிருந்து கொண்டுவர வேண்டியிருந்தால் மட்டும் வெட்டுங்கள். அப்போதும் ஏறுகொடியாக, கணுவில் பற்றுவேர் உள்ளதாக, ஆடிக்காற்றும் அடைமழையும் இல்லாத நாட்களாகப் பார்த்து வெட்டுங்கள்.

எதிர்வீட்டு அக்காவின் தொட்டி ஒன்று இப்போது எங்கள் தாழ்வாரத்தில் இருக்கிறது. கணு பதித்து இன்றோடு பன்னிரண்டு நாள். தினமும் சாயங்காலம் வந்து ஈர்க்கைத் தூக்கிப் பார்க்கலாமா என்று கேட்கிறார். இன்னும் பதினைந்து நாளாவது ஆகட்டும் அக்கா, தொடாதீங்க என்று சொல்லியிருக்கிறேன்.